நினிவேயின் வீழ்ச்சி யாருடைய வீழ்ச்சி?

பேரரசுகளின் அழிவைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒருவகைத் துக்கத்துடனேயே எழுதுகின்றனர். மாடங்கள் எரிந்தன, கலைகள் மறைந்தன என்று அவர்கள் இரங்கும்போது நாமும் உடன் இரங்கிவிடுகிறோம். மாணவப் பருவத்தில் நாமும் அவ்வாறே இரங்கினோம். அம்மாடத்துக்குக் கல் சுமந்தவன் அது சரிந்த அன்று என்ன எண்ணியிருப்பான் என்ற வினா அப்போது எமக்கு எழவில்லை.

அசீரியப் பேரரசை எடுத்துக்கொள்வோம். கி.மு. 745 முதல் 727 வரை ஆண்ட மூன்றாம் திக்லாத் பிலேசர் காலத்திலேயே அது உண்மையான பேரரசாக உருப்பெற்றது. நிலையான படை, சிறு கூறுகளாக்கப்பட்ட மாகாணங்கள், அரசனின் ஓலையை விரைந்து கடத்தும் அஞ்சற்பாதைகள் ஆகியன அதன் தூண்கள். திறை செலுத்திய குறுநிலத் தலைவர் பலர் தத்தம் ஆசனங்களிலேயே விடப்பட்டனர். வாள் மட்டும் எந்தப் பேரரசையும் நெடுநாள் தாங்கியதில்லை. உள்ளூரில் அதனால் வாழ்வு பெறும் ஒரு கூட்டம் எப்போதும் வேண்டும்.

எனினும் அசீரியரின் தனிக் கருவி மக்களைப் பெயர்த்தலே. தன் மண்ணில் நிற்கும் உழவன் கலகம் செய்வான். பலநூறு கல் தொலைவில், மொழியறியா அயலாரிடையே குடியேற்றப்பட்டவனோ, தனக்கு நிலமளித்த அரசையே அண்டி வாழவேண்டும். கி.மு. 701இல் யூதா நாட்டின்மீது படையெடுத்த சனகெரிப், 200,150 பேரை வெளியேற்றியதாகத் தன் சாசனத்திற் கூறுகிறான். கணக்கு மிகைப்பட்டதாயிருக்கலாம். ஆயினும் இத்தனைபேரை வேரோடு பிடுங்கினேன் என்பது ஓர் அரசனுக்குப் பெருமையாய்த் தோன்றிற்று என்பதே எமது சிந்தனைக்குரியது.

அப்போரில் வீழ்ந்த லாகீசு நகரின் காட்சிகள் அவனது நினிவே அரண்மனைச் சுவரிற் செதுக்கப்பட்டிருந்தன. இன்று அவை இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. மாட்டுவண்டியில் மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்து செல்கின்றனர். அதே அரண்மனையின் வேறொரு சிற்பத்தில், கைதிகள் வரிசை வரிசையாகக் கயிறு பிடித்து மாபெரும் கல்எருதை இழுக்கின்றனர். அருகே கோலோங்கிய மேற்பார்வையாளர். உழைப்பையும் கோலையும் சிற்பி மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய தேவை அன்றைய ஆள்வோருக்கு இருக்கவில்லை. பிற்காலப் பேரரசுகள் இவ்விடயத்திற் சற்று நாணம் மிக்கவை.

அசுர்பனிபாலின் நூலகத்தைக் காட்டி எம்மை மறுப்போர் உண்டு. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட களிமண் ஏடுகளும் துண்டுகளும் அங்கிருந்து கிடைத்துள்ளன என்பது மெய்யே. பபிலோனியக் கலகம் கி.மு. 648இல் அடக்கப்பட்டபின், அந்நாட்டு அறிஞரின் ஏடுகள் நினிவேக்குச் சேர்ந்த கணக்கும் அவற்றுள் உண்டு. கல்வியும் கொள்ளைப்பொருளாயிற்று.

கி.மு. 672இல் எசர்கடோன், தனக்குப்பின் அசுர்பனிபாலுக்கே விசுவாசமாயிருப்போம் என்று சிற்றரசர்களைச் சபதம் செய்வித்தான். மீறுவோருக்கு நீண்ட சாபங்களும் அதில் எழுதப்பட்டன. கிழக்கே மேதியத் தலைவர்களுக்கு உரிய படிகள் 1955இல் நிம்ருது அகழ்வில் நொறுங்கிய துண்டுகளாகக் கிடைத்தன. கி.மு. 614இல் அசுர் நகரை வீழ்த்தியவர்கள் அந்த மேதியரே. பபிலோனில் 626இல் முடிசூடிய நபோபொலாசரும் அவர்களோடு சேர, 612இல் நினிவே எரிந்தது. லாகீசுச் சிற்பத்தில் சனகெரிப்பின் முகம் மட்டும் கொத்திச் சிதைக்கப்பட்டிருக்கிறது. சாபங்கள் எழுதி வாங்கிய விசுவாசத்தின் ஆயுள் அறுபது ஆண்டு.

மழை குன்றியதும் ஒரு காரணம் என்பர். வட ஈராக்கின் குகையொன்றின் கற்படிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நீண்ட வரட்சி நிலவியதைக் காட்டுகிறது. இதை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் வரண்ட வயலிலிருந்தும் படைக்கும் தலைநகருக்கும் தானியம் சேர்ந்தாகவேண்டும் என்று விதித்தது வானமன்று.

இனி எமக்குச் சங்கடமான பகுதி. நினிவேயின் வாயிலொன்றில், நகர் வீழ்ந்த நாளில் மடிந்தோரின் எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சிறுவரும் அவருட் கிடந்தனர். பெயர்த்துக் கொணரப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் எத்தனைபேர் அங்கு மடிந்தனரோ! அநீதியின் கோட்டை இடிந்ததென்று மகிழும் நெஞ்சு, இவ்வாயிலையும் ஒருமுறை கடந்துவர வேண்டும்.

கைதிகளும் வீடு திரும்பவில்லை. அசீரியாவின் மாகாணங்கள் பெரும்பாலும் பபிலோனின் கைக்கு மாறின; பெயர்க்கும் முறையும் உடன் மாறிற்று. எருசலேம் அழிக்கப்பட்டு யூதாவின் மக்கள் மீண்டும் பெயர்க்கப்பட்டனர். பபிலோனிய நாட்டிற் கிடைத்த ஏடுகள், கி.மு. 572 முதல் அவர்கள் அரச நிலத்தை உழுது, வரி கட்டி, ஊழியம் செய்ததைப் பதிந்துள்ளன. அவர்கள் வாழ்ந்த சிற்றூருக்கு ஏடுகள் தரும் பெயர் யூதாவின் பெயரே.