மூடிய சிப்பியும் திருப்பிய மீட்டரும்

தூத்துக்குடிக் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று பங்காக்குவார்கள். ஒன்று குளித்தவர்களுக்கு, இரண்டு அரசுக்கு. அரசின் பங்கை, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு வந்த சிப்பிகளைத் திறந்து பார்க்க முடியாது. ஏலம் எடுத்தவர் அவற்றை அழுகவிட்டு, அலசி, முத்துத் தேட வேண்டும். சிலர் பணக்காரர் ஆனார்கள். சிலருக்குப் போட்ட முதலும் போயிற்று. ஆனாலும் வெறும் சிப்பி வாங்கியவர் தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஓட்டுக்குள் இருப்பது விற்றவருக்கும் தெரியாதே. விற்பவருக்குத் தெரிந்திருந்தால் கதை வேறு.

அதே கரையில், திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கும் ஆறுமுகநேரியில் ஒரு குடும்பம் பழைய வேன் ஒன்றை வாங்க நினைப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே படுக்கையும் அடுப்பும் பொருத்தி, ஊர் ஊராகப் போய்த் தங்க ஆசை. மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டுகிறது. பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து வழவழத்து, ஓரத்தில் இரும்பு தெரிகிறது. சீட்டுக்கு அடியில் கிடந்த பழைய சர்வீஸ் பில்லில் 1,40,000 என்று இருக்கிறது. விற்பவரிடம் கேட்டால், “நான் பொய் ஒண்ணும் சொல்லலியே அண்ணாச்சி, நீங்க கேக்கல, நான் சொல்லல” என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் மிகப் பழையது. ரோம அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் கடமைகள் பற்றி எழுதிய நூலில் இதையே ஒரு வழக்காக வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா? சொல்லாதிருப்பது மறைப்பதாகாது என்கிறார் தத்துவ ஆசிரியர் டயோஜெனிஸ். வாங்குபவர் அறிய வேண்டிய எதையும் விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார்.

ஆறுமுகநேரிக்குப் பக்கத்து ஊரான, முஸ்லிம்கள் நிறைந்த காயல்பட்டினத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு விடையும் அறிமுகமானதுதான். நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார் நபிகள். தானியம் நனைந்தது அவர் குற்றமல்ல. ஈரத்தை அடியில் தள்ளியதுதான் குற்றம்.

பழைய வண்டிக்கும் இதே நியாயம்தான். மீட்டர் கணக்கு ஒத்துப்போகாத ஒவ்வொரு வண்டியும் மோசடி வண்டி அல்ல. கேபிள் அறுந்த பழைய மீட்டர் நின்றுவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பழுதான மீட்டர் போர்டை மாற்றினால் கணக்கு பூஜ்யத்திலிருந்தே தொடங்கலாம். புதிய வண்டிகள் பலவற்றில் ஓடிய தூரம் இன்ஜின் கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்கும். நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடும். கேபிள் அறுந்ததும் போர்டு மாற்றியதும் நனைந்த தானியம் போன்றவை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அங்கே பாவம் ஏதுமில்லை.

உண்மையான மீட்டரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. உப்பளக் காற்றில் ஐந்து வருடம் சும்மா நின்ற வேனின் கிலோமீட்டர் ஏறாது, சேஸிஸ் துருப்பிடித்திருக்கும். தங்கும் வண்டியில் ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடினாலும் மீட்டர் நகராது. ஆகவே எண்ணைச் சரியாகக் காட்டினால் கடமை முடிந்தது என்றும் விற்பவர் இருந்துவிட முடியாது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகம் என்கிறார் வள்ளுவர், நடுவு நிலைமை அதிகாரத்தில். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையே என்று அவர் வேறோரிடத்தில் சொன்னதைச் சாக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அடுத்தவர் பணத்தில் வரும் லாபத்தை எந்த உரையாலும் குற்றமற்ற நன்மை ஆக்கிவிட முடியாது.

பெல்ஜியம் இதை மனசாட்சிக்கு மட்டும் விட்டுவைக்கவில்லை. 2006 முதல் அங்கே பழைய கார் விற்பவர் ‘கார்-பாஸ்’ என்ற சான்று தர வேண்டும். வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் பதிவான கிலோமீட்டர், தேதியோடு அதில் இருக்கும். நம் நாட்டிலும் தெரிந்தே மீட்டரைத் திருப்பி, குறைவாக ஓடிய வண்டி என்று நம்பவைத்து விற்றால் அது ஏமாற்றுக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வரும்.

ஆனால் வழக்கு வரை போவானேன்? மீட்டர் மாற்றிய வண்டியை விற்பவர்கள் பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்கட்டும். வாங்குபவர்களும் அட்வான்ஸ் நீட்டும் முன் அந்தத் தாளைக் கேட்கட்டும்.