காப்புக் கட்டாத கொண்டாட்டம்

புதுச்சேரி–கடலூர் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரிப் பையன்கள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, டிரைவருக்குத் துண்டு போர்த்தி ஆடினால் எனக்குச் சந்தோஷம்தான். சென்னையில் அதற்கு 'பஸ் டே' என்று பெயர். நீதிமன்றத் தடையை மீறி 2019 ஜூனிலும் கொண்டாடினார்கள். கூரைமேல் இருந்த பிள்ளைகள், பிரேக் போட்டதும் கொத்தாக ரோட்டில் விழுந்த வீடியோவை ஊரே பார்த்தது. எனக்கு அந்த டிரைவர் நினைப்புத்தான். அவரைக் கௌரவிக்கத்தான் அந்த விழாவே ஆரம்பித்தது. அவரை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

தடுத்தால் திருட்டுத்தனமாகச் செய்கிறார்கள், அரசே ஒரு நாள் ரோட்டை விட்டுக்கொடுத்தால் என்ன என்று கிருமாம்பாக்கம் டீக்கடையில் பேச்சு வந்தது. இங்கே கல்லூரிகளும் மருத்துவமனையும் ஒரே சாலையை நம்பி இருக்கின்றன. போலீஸ் தயங்குவதில் நியாயம் உண்டு. "அம்மன் ஊர்வலத்துக்கு மட்டும் விடுறாங்களே தாத்தா, சாமிக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்றான் ஒரு மாணவன். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை.

சாமி என்பதற்காக மட்டும் ஊர் வழி விடுவதாக எனக்குத் தோன்றவில்லை. தீமிதிக்கு முன் காப்புக் கட்டுகிறோம். கட்டிக்கொண்டவன் கறி தின்னமாட்டான், சாவு வீட்டுக்குப் போகமாட்டான், திருவிழா முடியும்வரை ராத்தங்கலுக்கு வெளியூர் போகமாட்டான். பந்தல் சரிந்தாலும் ஊர் அவன் முகத்தைத்தான் பார்க்கும். போலீஸ் தருகிற தாளுக்கு முன்பே அந்த மஞ்சள் கயிறு அனுமதி வாங்கிவிடுகிறது. அனுமதி தருகிறவருக்கும் அதில் பங்கு உண்டு; வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வேற்று மதத்துக் கவர்னர் வடத்தைத் தொட்டது பக்தியா, அரசியலா? அரசியல்தான் என்று வைத்துக்கொண்டாலும், அனுமதித்தவர் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை.

"அனுமதி கேளுங்கடா. ஆனா யார் காப்புக் கட்டுறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றேன். ஆம்புலன்ஸ் வந்தால் கூட்டத்தைப் பிளக்கிறவன், மறுநாள் குப்பை வாருகிறவன், டிரைவரிடம் போய் "அண்ணே, சம்மதமா?" என்று கேட்கிறவன் வேண்டும். கல்லூரி முதல்வரும் ரோட்டுக்கு வந்து கூட நிற்க வேண்டும்.

"அப்போ ஜாலியே போயிடுமே" என்றான்.

கொஞ்சம் போகத்தான் செய்யும். யாரையும் கேட்காமல் ரோட்டைப் பிடிக்கிற சுகம் தனி, வாலிபத்தில் நானும் அனுபவித்ததுதான். காப்புக் கட்டியவனால் மற்றவர்களைப் போலத் திருவிழா பார்க்க முடியாது. உங்களில் ஒருத்தன் அதற்கு ஒத்துக்கொள்வானா என்று கேட்டேன். இரண்டு பேர் பெயரைச் சொன்னான். கொஞ்சம் யோசித்து, அதில் ஒன்றை அவனே எடுத்துவிட்டான்.