குரங்குக் குட்டியை வீட்டில் வளர்க்கலாமா?



"தாயில்லாத குட்டி ஹஜ்ரத், எடுத்து வளர்த்தால் நன்மைதானே?" என்று எஸ்டேட் பக்கத்து மக்கள் கேட்கிறார்கள். தாய் எங்கே போனது என்பதுதான் நம் முதல் கேள்வி. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை விடாமல் பற்றியிருக்கும். தாய் செத்தாலோ அடிபட்டாலோதான் பெரும்பாலும் அது மனிதன் கைக்கு வரும்.

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்த ஸஹாபாக்களும் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார்கள்.

சோளிங்கரில் நாய்கள் கடித்த ஒரு குட்டியைக் கால்நடை மருத்துவர் ஒருவர் மாதக்கணக்கில் பராமரித்தார். வனத்துறை அதை வண்டலூருக்குக் கொண்டுபோனது. திருப்பிக் கேட்டு அவர் உயர்நீதிமன்றம் போனார். 2024-ல் மனு தள்ளுபடியானது. வைத்தியம் தெரிந்தவருக்கே அந்த உரிமை இல்லை. நம் மலையின் கருங்குரங்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; அதைப் பிடித்து வைத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

குட்டியில் மடியில் தூங்கும். வளர்ந்ததும் கோரைப்பல் முளைக்கும். முதலில் கடிபடுவது வீட்டுப் பிள்ளைதான். கடித்தால் மஞ்சள் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய்க்காகவே 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஊர்க்காரர்கள் நாம்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் ரோட்டோரம் விட்டுவிடாதீர்கள். அதற்கு இரை தேடத் தெரியாது, வேறு கூட்டமும் லேசில் சேர்க்காது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். தயக்கமாக இருந்தால் தொழுகைக்குப் பிறகு என்னிடம் வாருங்கள், கூடவே நானும் வருகிறேன்.