வீட்டிலும் ஒரு தராசு வேண்டும்



கோவை சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் காலையில் போனால், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். தராசு நம் கண்ணெதிரே இருக்கும். தக்காளி நூறு கிராம் குறைந்தால் நாம் சும்மா இருப்போமா? நியாயம் கேட்போம். கேட்க வேண்டியதுதான். அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்தே திருமறையின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது.

ஆனால், அந்தத் தராசை நம் வீட்டுக்குள் கொண்டு வருகிறோமா?

அத்தா மௌத்தாகிச் சில மாதம்கூட ஆகியிராது. அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரத்தோடு தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே, அதோடு உன் பங்கு தீர்ந்தது" என்கிறார்கள். அவளும் கையெழுத்துப் போடுகிறாள். மனம் ஒப்பியா? இல்லை. நாளை அத்தா வீட்டு வாசல் தனக்கு அடைபட்டு விடுமே என்ற அச்சத்தில்! அந்தக் கையெழுத்து பதிவு அலுவலகத்தில் செல்லலாம், மஹ்ஷரில் செல்லுமா?

கல்யாணத்தில் போட்ட நகை அன்பளிப்பு. வாரிசுப் பங்கோ அல்லாஹ் விதித்த கடமை. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக, மிஞ்சியதில் பிள்ளைகளைப் பெற்ற மனைவிக்கு எட்டில் ஒன்று. பின்னர் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டைப் பெற்றவன் தங்கையின் ஒன்றின் மீதும் கண் வைப்பது எந்த நியாயம்?

"தோட்டம் காட்டில் பெண்ணுக்குப் பங்கு ஏது?" என்று பேசுவோரும் உண்டு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இன்று சட்டத்திலும் சாக்கு இல்லை.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தையார், அவருக்கு மட்டும் ஒரு அன்பளிப்புச் செய்துவிட்டு, பெருமானார் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நாயகம் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். தந்தையார் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்.

மக்ஸூம் குலத்துப் பெண்ணொருத்தி திருடியபோது, பெரிய இடத்துப் பெண் என்று சிபாரிசு வந்தது. தம் அருமை மகள் ஃபாத்திமாவே ஆனாலும் தண்டனை தப்பாது என்று அந்தச் சிபாரிசைத் தள்ளினார்கள் நாயகம். வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று என்று அவர்களிடம் இரண்டு தராசு இருக்கவில்லை.

ஜமாஅத்தில் நியாயம் பேசப் போகுமுன் நாம் நம்மையே கேட்டுக் கொள்வோம்: தங்கையின் பங்கு இன்னும் நம் கையில் இருக்கிறதா? இருந்தால், ஆலிம்களிடம் கேட்டுக் கணக்கிட்டு, அவள் கேட்கும் முன்பே கொண்டு போய்க் கொடுப்போம். கொடுத்த பின்பும் அத்தா வீட்டு வாசல் அவளுக்குத் திறந்தே இருக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவரையும் நீதியில் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.