குறைந்த சுமை யார் தோளில்?

சைக்கிளில் கூடாரத்தோடு நெடுந்தூரம் போகிறவர்களிடம் தராசுக்குத் தனி மரியாதை உண்டு. கூடாரம் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது, பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிடலாம் என்று ஒவ்வொன்றும் நிறுக்கப்பட்ட பிறகே பைக்குள் போகிறது. இதற்கு ஆன்மிக விளக்கம் தருகிறவர்களும் இருக்கிறார்கள். உடைமை குறையக் குறையப் பற்றும் குறைகிறது, ஆகவே இந்தப் பயணி சில நாள் துறவி என்பது அவர்கள் வாதம். இதை அப்படியே ஏற்க முடியவில்லை. தன்னிடமுள்ள பொருள்களின் எடையைக் கிராம் கணக்கில் மனப்பாடமாகச் சொல்கிறவருக்குப் பொருள்மீது கவனம் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? டைட்டானியம் பாத்திரத்தின் மீதும் ஆசை வரும். அது எவர்சில்வர்மீது வரும் ஆசையைவிட விலை கூடியதும்கூட. ஆனாலும் துறவியோடு ஒப்பிடுவதை முழுக்கத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. அது பொருந்துகிற இடம் வேறு. அங்கே அது பயணிக்குத் தருவது பெருமையைவிடக் கடமையே அதிகம்.

பௌத்தத் துறவிக்கு மரபு அனுமதித்த உடைமைகள் எட்டு: மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. பட்டியலை மட்டும் பார்த்தால் எளிமைக்கான போட்டி போலத் தோன்றும். விநயம் என்னும் துறவற ஒழுக்க விதிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் நோக்கம் பிடிபடும். கூடுதலாகக் கிடைத்த பாத்திரத்தைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பழைய பாத்திரத்தில் ஐந்து ஒட்டுகள் விழாதவரை புதியதைக் கேட்கக் கூடாது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றை மருந்தாக ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய சோற்றையோ ஓர் இரவுகூட எடுத்துவைத்து உண்ணக் கூடாது. அப்படிச் சேமிக்காதவர் மறுநாள் காலை யாராவது ஒருவர் வாசலில் நின்றே ஆக வேண்டும். வீட்டைத் துறக்கச் சொன்ன அதே ஏற்பாடு, நாள்தோறும் வீடுகளை நோக்கி அவரை நடக்கவும் வைத்தது. அவருடைய சுமை எங்கும் மறைந்துவிடவில்லை. ஊரார் அடுக்களைகளில் அது இருந்தது; அவருக்கும் அது தெரியும், ஊராருக்கும் தெரியும்.

சைக்கிளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பையிலிருந்து எடுத்துவிட்ட ஒவ்வொரு பொருளும் வழியில் வேறொருவரிடம் இருந்தாக வேண்டும். இரண்டு நாள் அரிசியைச் சுமக்காதவர் அடுத்த ஊர்க் கடை திறந்திருக்கும் என்று நம்புகிறார். குடிநீரை ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறவர் ஏதோ ஒரு குழாயை நம்புகிறார். வண்டியைக் கட்டுவதிலேயே இந்தத் தேர்வு தொடங்கிவிடுகிறது. இரும்பு ஃபிரேம் கார்பன் ஃபிரேமைவிடக் கனம். ஆனால் அது விரிசல் விட்டால் வெல்டிங் பட்டறை உள்ள சிற்றூரிலும் ஒட்டவைத்துவிட முடியும். கார்பன் உடைந்தால் அதற்கென்றே பயிற்சி பெற்றவரைத் தேடிப் போக வேண்டும். கம்பி இழுத்து மாற்றும் கியருக்குப் பழகிய மெக்கானிக்கும் ஒரு துண்டுக் கம்பியும் போதும். மின்சாரத்தில் மாறும் கியருக்குச் சார்ஜ் வேண்டும், தொலைவில் எங்கோ செய்யப்படும் உதிரி பாகம் வேண்டும். இரண்டு பயணிகளுமே பிறரைச் சார்ந்துதான் போகிறார்கள். ஒருவர் முகம் தெரிகிற கைகளைச் சார்கிறார், மற்றவர் தெரியாத தொழிற்சாலையை. முதல் வகை சார்பே நேர்மையானது என்பேன், ஏனென்றால் அதில் நன்றி சொல்ல ஓர் ஆள் எதிரே நிற்கிறார்.

எல்லாவற்றையும் தானே சுமந்து யாரையும் தொந்தரவு செய்யாமல் போவதுதானே நாணயம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் வண்டி அதற்கு இடம் தருவதில்லை. நான்கு பைகளை மாட்டினால் முன்னும் பின்னும் கேரியர் வேண்டும். கனம் ஏறியதும் 36 கம்பிச் சக்கரமும் தடித்த டயரும் இன்னும் தாழ்ந்த கியரும் தேவைப்படும். அத்தனைக்குப் பிறகும் பாரத்தில் அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் இருக்கும் பக்கத்துக் கம்பிதான். மாற்றுக் கம்பி கையில் இருந்தால் மட்டும் போதாது. பல்சக்கரத் தொகுதியைக் கழற்ற வேண்டும், அதற்கென்று ஒரு கருவியையும் சுமக்க வேண்டும். எடை எடையை ஈன்றுகொண்டே போகும், தன்னிறைவு மட்டும் கைக்கு எட்டாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. துறவி சோற்றை வாங்கிக்கொண்டு அறத்தைக் கொடுத்தார். கொடுப்பவருக்குப் புண்ணியம் என்று இருவருமே நம்பினார்கள். விடுமுறைக்கு வந்த சைக்கிள்காரர் என்ன கொடுக்கிறார்? கடையில் காசு கொடுக்கிறார், அந்தக் கணக்கு அங்கேயே தீர்கிறது. காசால் தீராதவை இரவு தங்கும் நிலமும், அயலாரைப் பொறுத்துக்கொள்ளும் ஊரின் மனமும். அவற்றைத் தனியொருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நடத்திவிட முடியாது. 1897-ல் அயர்லாந்தின் கானமாராவில் கூடாரத்தோடு சைக்கிளில் சுற்றி, மறு ஆண்டே அதை நூலாக்கியவர் லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். சைக்கிள் முகாமுக்கு முன்னோடியான அவர் 1901-ல் தொடங்கியது ஒரு சங்கம். தன்னந்தனியாகப் போகும் கலைக்கும் கூட்டு ஏற்பாடு வேண்டியிருந்தது. நார்வேயில் இது சட்டமாகவே இருக்கிறது. பயிரிடாத நிலத்தில் எவரும் கூடாரம் போடலாம் என்கிறது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், உரிமையாளரைக் கேட்காமல் ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. உயர்மலைகளுக்கும் குடியிருப்பிலிருந்து விலகிய இடங்களுக்கும் மட்டும் நாள் கணக்கில் தளர்வு உண்டு. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பாத்திரம் ஆகாது என்ற விதியும் இந்த இரண்டு நாள் வரம்பும் ஒரே கவலையில் பிறந்தவை என்று எனக்குப் படுகிறது: சார்ந்திருப்பவர் அதை உரிமையாக்கிக்கொண்டுவிடக் கூடாது.

ஆகவே பயணி கொடுக்கக்கூடியது அளவோடு நடந்துகொள்வதுதான், அந்த அளவைப் பை கட்டும்போதே தீர்மானிக்க வேண்டும். துறவியின் நீர் வடிகட்டியை மறுபடி பார்க்கலாம். சைக்கிள்காரரும் வடிகட்டி கொண்டுபோகிறார், தண்ணீரில் உள்ள கிருமி தன்னைத் தாக்காமல் இருக்க. துறவியின் துணியோ தண்ணீரில் உள்ள உயிர் தன்னால் சாகாமல் இருக்க. எட்டே பொருள்களில் ஒன்றைப் பிற உயிருக்காக ஒதுக்கிய பட்டியல் அது. இன்றைய பையில் அதற்கு நிகராக இருப்பவை மலக்குழி தோண்டும் சின்னக் கரண்டி, குப்பையைத் திரும்ப எடுத்துவரும் உறை, தரையில் தீ மூட்டாமல் சமைக்க உதவும் சிறு அடுப்பு. எடையைக் குறைக்க உட்காரும்போது கரண்டிதான் முதலில் வெளியே போகிறது, ஏனென்றால் அது இல்லாத குறை பயணிக்குத் தெரியாது. மாற்றுச் சட்டையை விட்டுவிட்டால் நனைவது அவர்தான்; தாராளமாக விட்டுவிடட்டும். கரண்டியை விட்டுவிட்டால் அந்த எடையைச் சுமப்பவர் மறுநாள் அந்த இடத்துக்கு மாடு ஓட்டி வருகிறவர், அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.