கச்சத்தீவும் நம் அயலாரும்



தபசு காலத்தில் கச்சத்தீவுத் திருநாளுக்குப் போய்வருகிறவர்கள் உங்களில் அநேகர் உண்டு. குடியிருப்பும் குடிதண்ணீருமில்லாத 285 ஏக்கர் தீவு. ஆயினும் இரண்டு நாள் இக்கரையாரும் யாழ்ப்பாணத்தாரும் அர்ச். அந்தோனியார் கோவிலில் கூடிச் சிலுவைப்பாதை செய்து, ஒரே பீடத்தண்டையில் நன்மை வாங்குகிறார்கள். 1974-ம் வருஷம் தீவு இலங்கையைச் சேர்ந்ததென்று இரு நாடுகளும் உடன்படிக்கை எழுதியபோதும், நம் யாத்திரிகர் விசா இல்லாமல் வந்துபோகலாமென்று அதிலேயே குறித்துவைத்தார்கள். ஜெபத்துக்கு இப்படி வழி பிறந்தது. பிழைப்புக்கு இன்னும் பிறக்கவில்லை.

நம்மவர் பிடிபடுவதும், படகு பறிபோவதும், பெண்கள் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடப்பதும் நமக்குத் தெரியும். சுடுவதையும் அடிப்பதையும் எந்த நியாயமும் ஒப்பாது. அக்கரை வீட்டுக் கண்ணீரையும் கேட்டீர்களா? யுத்த வருஷங்களில் அவர்களுக்குக் கடலில் பெரும்பகுதி மூடிக்கிடந்தது. 2009-ல் யுத்தம் ஓய்ந்தபின் கடன்பட்டு வலை வாங்கி இறங்கினார்கள். இரவில் நம் விசைப்படகுகளின் இழுவைமடி அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. மடி கடலடியைச் சுரண்டிக் குஞ்சையும் பாசியையும் சேர்த்து வாரும். நம் பக்கத்தில் மீன் குறைந்ததற்கும் அதே மடி ஒரு காரணம். (நம் நாட்டுப்படகுக்காரரைக் கேட்டால் இன்னும் காரமாகச் சொல்லுவார்கள்.)

அயலான் யாரென்று கேட்ட சாஸ்திரிக்குச் சேசுநாதர், அவன் வெறுத்த சமாரியனையல்லவா காட்டினார்? நமக்கோ ஒரே பாஷை பேசுகிற, ஒரே அர்ச்சியசிஷ்டரை மன்றாடுகிற அயலான். அவன் வலையை அறுத்துவிட்டு அவனோடு முழந்தாளிடுவது எப்படி?

2014-ல் இரு நாட்டு மீனவர் பிரதிநிதிகள் சென்னையிலும் கொழும்பிலும் உட்கார்ந்து பேசினார்கள். 2016-ல் அரசாங்கங்கள் கூட்டுக் குழு அமைத்தன. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே வருஷம் மடியைவிட்டு ஆழ்கடல் தொழிலுக்கு மாற நம் நாட்டில் மானியத் திட்டம் வந்தது. மாறுவது இலேசல்ல. படகு முதலாளிக்குக் கடன். கூலியாளுக்கோ அந்தத் தீர்மானத்தில் வாயே இல்லை. இதை அறிந்துதான் எழுதுகிறேன்.

இனித் தீவுக்குப் போகிறவர்கள், பூசை முடிந்ததும் சோப்பும் தேங்காயெண்ணெயும் வாங்க ஓடுமுன், அக்கரை மீனவர் ஒருவரருகே சற்று உட்காருங்கள். எத்தனை வலை போயிற்று, எவ்வளவு கடன் நிற்கிறது என்று விசாரியுங்கள். விசைப்படகு வைத்திருப்போர் முதலில் விசாரிக்கட்டும்.