திருச்சபையும் லயத்து வாசலும்

மலையகத்தில் திருச்சபை யாருடைய வீடு? டிக்கோயாவின் வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டில் துரைமாரின் வழிபாட்டுக்கென எழுந்தது. தொழிலாளரை நாடிச் சென்றதோ 1854இல் தொடங்கப்பெற்ற ‘தமிழ்க் கூலி மிஷன்’. அது உபதேசியாரையும் பள்ளிக்கூடத்தையும் தோட்டங்களுக்குக் கொணர்ந்தது. இதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும், சகோதரன் என்று அழைக்க வந்த பணி, துரை அழைத்த பெயராலேயே அவனை அழைத்தமை ஈண்டு நோக்கற்பாலது.

1972இல் கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பெர்ஸ் நிறுவிய சத்யோதயம் வேறொரு வழியைக் காட்டிற்று. சிங்களவரும் தமிழரும், பல சமயத்தவரும் அங்கே ஒருங்கு கூடித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்தனர். ஆள் சேர்ப்பது அதன் நோக்கமன்று.

சபை அரசியலில் இறங்கலாகாது என்பார் உளர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. இவற்றின் முன் மௌனமும் ஓர் அரசியலே அன்றோ? 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கிற்று. பெரும்பாலோர்க்குக் காணி இன்னும் கிட்டவில்லை.

ஞாயிறன்று ஒரே பாத்திரத்தில் பங்குகொள்ளும் தோட்ட அதிகாரியும் கொழுந்தெடுக்கும் பெண்ணும், திங்களன்று பெரட்டுக்களத்தில் அந்நியராதல் தகுமா? அந்த ஒரு நாள் உறவு ஏனைய ஆறு நாட்களையும் தொடாதவரை, சபை என்பது கட்டடம் மட்டுமே. வேலை போனால் லயத்து அறையும் போகுமோ என அஞ்சும் குடும்பத்தின் பக்கம், அது மாரியம்மனை வணங்கும் குடும்பமாயினும், சபை சாட்சியாக நிற்றல் வேண்டும்.